செருப்பு ஸ்டாண்டில் வைத்த பர்ஸ்

வலது கை ஊசி முதலில், அப்புறம் இடது கை ஊசி. இல்லை, இடது முதலில். எதை முதலில் விட்டாலும் பரவாயில்லை, ஆனால் கடைசித் துளை வரைக்கும் அதே வரிசையில் விடவேண்டும், நடுவில் மாற்றினால் தையல் சாய்ந்துவிடும் என்று தோல் தைக்கச் சொல்லித்தருகிற அந்த வீடியோவில் வருகிற பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் மாற்றிவிட்டேன். எந்த இடத்தில் மாற்றினேன் என்று கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கையில் பிடிக்கிற அந்தச் சின்னத் தோல் பையை, கிளட்சை, மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்க்கிறேன். பதினேழாவது தையல். அங்கேதான் குக்கர் விசில் கேட்டு எழுந்து போனேன், திரும்பி வந்து கை போன போக்கில் ஆரம்பித்துவிட்டேன். பிரித்துத் தைக்கலாம், நேரம் இல்லை. மணி இரண்டே முக்கால். ஐந்து மணிக்கு ஜெசிந்தா வருகிறாள். நாற்பது வருஷம் கழித்து வருகிறாள், அதற்குள் இதை முடித்து அவள் கையில் கொடுக்கவேண்டும், கொடுப்பதற்கு முன்னாலோ பின்னாலோ ஒன்றைச் சொல்லவேண்டும். சொல்ல வேண்டியது மூன்றே வார்த்தை. அம்மா இல்லடி, நான்தான். இரண்டு வாரமாக அந்த மூன்று வார்த்தையை வாய்க்குள்ளேயே போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். பல் தேய்க்கும்போது சொல்லிப் பார்க்கிறேன், நுரையோடு நன்றாகத்தான் வருகிறது. முப்பத்திரண்டு வருஷம் கெமிஸ்ட்ரி டீச்சர், நாற்பது பிள்ளைகள் கத்துகிற வகுப்பில் மூச்சு விடாமல் முக்கால் மணி நேரம் பேசியவள், எனக்கா மூன்று வார்த்தை வராது. பார்க்கலாம்.

பதினெட்டு. இரண்டு ஊசி, ஒரே நூல், ஒவ்வொரு துளையிலும் இரண்டும் எதிரெதிராகப் போய் வரவேண்டும். நூலுக்கு மெழுகு தேய்த்திருப்பதால் விரலெல்லாம் பிசுபிசு. இந்தப் பெட்டியை மகள்தான் புனேயிலிருந்து அனுப்பினாள், நான் ரிட்டயர் ஆன மறு வாரம். "எப்பப் பாரு சீரியல் பார்த்துக்கிட்டு இருக்காதம்மா, கைக்கு ஒரு வேலை வேணும் உனக்கு" என்றாள். பெட்டிக்குள் வெட்டித் தயாராக வைத்த தோல், ஊசி, நூல், முள்கரண்டியின் பல்லைக் கூர் தீட்டினது மாதிரி துளை போடுகிற ஒரு இரும்பு, சின்னச் சுத்தியல், டிச் பட்டன் இரண்டு, படம் போட்ட ஒரு தாள். முதல் நாள் பெட்டியைத் திறந்ததும் வந்த வாசனையில் நான் மூடிவிட்டேன். வாசனை பிடிக்காமல் இல்லை, நன்றாகத் தெரிந்த வாசனை. மூன்று நாள் அலமாரியில் கிடந்தது. நாலாம் நாள் எடுத்து இந்தச் சாப்பாட்டு மேஜையில் வைத்து ஆரம்பித்தேன், அப்போது வீட்டுக்காரர் பேப்பரை விலக்கிவிட்டுப் பார்த்து, "என்ன மங்கை, பஸ் ஸ்டாண்ட் வாசல்ல ஒரு கோணியை விரிச்சு உட்கார்ந்துடப் போறியா?" என்றார். நான் சிரித்தேன். அவர் நல்ல மனுஷன், யாரையும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசமாட்டார், சும்மா கிண்டலுக்குச் சொன்னார். நானும் சும்மாதான் சிரித்தேன். அந்தச் சும்மாதான் இப்போது உறுத்துகிறது. என்னை ஒருநாளும் யாரும் அந்தக் கோணியில் உட்கார வைக்கமாட்டார்கள் என்பதால்தானே அது எங்கள் இரண்டு பேருக்கும் நகைச்சுவையாக இருந்தது. மூன்றாவது மாடி நளாயினி வந்து பார்த்துவிட்டு, "ஐயோ ஆன்ட்டி, சூப்பர் ஹாபி" என்றாள். நான் தைத்தால் ஹாபி. ஜெசிந்தாவின் அப்பா தைத்தால் அதற்கு என்ன பெயர் என்று எல்லோருக்கும் தெரியும்.

அவரை நான் பார்த்திருக்கிறேன். வேலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே, வேப்பமரத்துக்குக் கீழே, ஒரு கறுப்புக் குடையை மரத்தோடு கட்டி அதன் நிழலில் உட்கார்ந்திருப்பார். காலேஜ் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது ஜெசிந்தா ஓடிப்போய் அவரிடம் ஏதாவது சொல்லிவிட்டு வருவாள். அவர் என்னைப் பார்த்து, "நல்லாருக்கியாம்மா?" என்பார், நான் தலையை ஆட்டுவேன். ஒருதடவைகூடப் பதிலுக்கு வாயைத் திறந்து கேட்டதில்லை. ஜெசிந்தா என்னோடு பி.எஸ்ஸி. மூன்று வருஷமும் ஒரே லேப் மேஜை. அவளுக்கு டைட்ரேஷன் துளி தப்பாமல் வரும், எனக்கு எப்போதும் ஒரு மில்லி கூடப் போய்விடும், அவள் ரீடிங்கைப் பார்த்துத்தான் நான் எழுதுவேன். என் இருபதாவது பிறந்தநாளுக்கு அந்த லேபில்தான், நியூஸ்பேப்பரில் சுற்றிய ஒன்றை என் கையில் வைத்தாள். பிரித்தால் செங்கல் நிறத்தில் ஒரு சின்னத் தோல் பர்ஸ். "வெட்டிக் குடுத்தது அப்பா. தையல் முழுக்க நான்" என்றாள். எவ்வளவு நாளாச்சு என்று நான் கேட்கவில்லை. அழகா இருக்குடி என்றேன், டிச் பட்டனை நாலு தடவை திறந்து மூடினேன், பையில் போட்டுக்கொண்டேன். இப்போது எனக்குத் தெரியும் எவ்வளவு நாள் ஆகியிருக்கும் என்று. எனக்கு ஒரு தையலுக்கு ஒரு நிமிஷம் ஆகிறது. அவளுக்கு அரை நிமிஷம் என்று வைத்துக்கொண்டாலும், அவளுடைய தையல் இதைவிட நெருக்கம், அரிசியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது மாதிரி இருக்கும், நாலு பக்கமும் உள்ளே ஒரு தடுப்பும் தைக்கப் பல ராத்திரி ஆகியிருக்கும், பரீட்சை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் படிக்க வேண்டிய நேரத்தைத்தான் எனக்குத் தைத்துக் கொடுத்திருக்கிறாள். தைத்துப் பார்த்த பிறகுதான் இது எனக்குப் புரியவேண்டுமா. அறுபது வயதில்.

இருபத்தாறு. நூல் எங்கேயோ பிடிக்கிறது. இழுத்தால் வரமாட்டேன் என்கிறது, தள்ளினாலும் போகமாட்டேன் என்கிறது. புரிகிறது, இரண்டாவது ஊசி துளைக்குள் முதல் நூலின் நடுவிலேயே குத்திவிட்டது. வீடியோப் பெண் இதையும் சொன்னாள், அவசரப்பட்டால் இப்படித்தான் ஆகும், பலமாக இழுக்காதீர்கள், நூல் இரண்டாகப் பிளந்துவிடும் என்று. சரி, மெதுவாக. ஊசியைப் பின்பக்கமாகவே உருவவேண்டும். வீட்டுக்காரர் உள்ளே குறட்டை விடுகிறார், ஃபேன் அதற்குத் தாளம் போடுகிறது. சாயங்காலம் அவரிடம் என்ன சொல்லி வைப்பது, பழைய சிநேகிதி வருகிறாள் என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு என்ன பலகாரம் செய்வது என்று காலையிலிருந்து யோசித்து யோசித்து ஒன்றும் செய்யவில்லை. கேசரி கிளறலாம். பஜ்ஜி போடலாம். அடை மட்டும் கூடாது. அடை வார்த்தால் நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிடுவேன்.

நான் இதைச் சரியான வரிசையில் நினைத்துப் பார்க்கவேண்டும், இல்லாவிட்டால் சாயங்காலம் வாயில் குழறும். அன்றைக்கு பர்ஸோடு வீட்டுக்குப் போனேன். எங்கள் வீட்டு வாசல் கதவுக்கு இடது பக்கம் மரத்தில் ஒரு செருப்பு ஸ்டாண்ட், மூன்று தட்டு. செருப்பைக் கழற்றி நடுத்தட்டில் வைத்தேன். பையைத் திறந்து பர்ஸை எடுத்து மேல்தட்டில் வைத்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அவ்வளவுதான் நடந்தது. யாரும் வாசலில் நிற்கவில்லை, யாரும் அதட்டவில்லை, அதை உள்ளே கொண்டுவராதே என்று அந்த வீட்டில் ஒருத்தரும் சொல்லவில்லை, சொல்ல அவர்களுக்கு அப்படி ஒரு பர்ஸ் இருப்பதே தெரியாது. கை தானாகப் போனது என்று எனக்கு நானே ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். கைக்கு என்ன தெரியும். மண்டைக்குத் தெரிந்ததைத்தான் கை செய்யும். ஆனால் மண்டையிலும் எதையும் யோசித்ததாக ஞாபகம் இல்லை, வெங்காயத்தைக் கூடையிலும் பாலை அடுப்பிலும் வைக்கிற மாதிரி அதனதன் இடத்தில் வைத்தேன். தோல் என்றால் செருப்பு, செருப்பு என்றால் வாசல். அப்படியானால் உள்ளே ஆணியில் தொங்கிய அப்பாவின் பெல்ட்? அது தோல்தான். அவர் வாட்ச்சின் பட்டை? தோல்தான். பூஜை அறையில் சரஸ்வதி படத்துக்குக் கீழே சந்தனப் பொட்டு வைத்து அண்ணனின் மிருதங்கம் இருந்ததே, அதற்கு இரண்டு பக்கமும் என்ன, பிளைவுட்டா? அதெல்லாம் கடையில் வாங்கியது. கடையில் வாங்கிய தோலுக்குப் பின்னால் ஆள் கிடையாது. இந்தத் தோலைத் தைத்தவளை எனக்குத் தெரியும், அவள் அப்பா எந்த மரத்தடியில் உட்கார்ந்திருப்பார் என்று தெரியும், அவர் குடை தெரியும். தெரிந்ததுதான் காரணம். பி.எஸ்ஸி. மூன்றாம் வருஷம், தோல் பதனிட எந்த உப்பு போடுவார்கள் என்று பரீட்சையில் பத்து மார்க்குக்கு எழுதியவள் நான். சிநேகிதிக்குத் தெரியாமல் அவள் இடத்தை முடிவு பண்ணிவிட்டு உள்ளே போய்க் காபி குடித்தேன்.

அப்பாடா, ஊசி வந்துவிட்டது. நூலில் கொஞ்சம் பிசிறு, மெழுகை இன்னொரு தடவை தேய்த்தால் அடங்கிவிடும். இருபத்தாறையே மறுபடியும். அதற்கப்புறம் அந்த பர்ஸ் அங்கேயே கிடந்தது, ஒரு மாதம் இருக்கும். அம்மா ஒருநாள் வாசல் பெருக்கும்போது, "இது யாரோடது?" என்றாள். காலேஜ்ல ஒருத்தி குடுத்தா என்றேன். அம்மா எடுத்துத் தூசி தட்டிவிட்டு அங்கேயே வைத்தாள், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஜெசிந்தா சொல்லாமல் கொள்ளாமல் வந்தாள். என் ரெக்கார்டு நோட்டு அவளிடம் இருந்தது, திங்கட்கிழமை கையெழுத்து வாங்கவேண்டும், அதற்காக இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். வாசல் கேட் திறக்கிற சத்தம் கேட்டு நான்தான் போனேன். அவள் குனிந்து செருப்பைக் கழற்றினாள், ஸ்டாண்டில் வைக்கப் போனாள், நின்றாள். பர்ஸை எடுத்தாள். அதன் மேல் படிந்திருந்த தூசியைத் தாவணி நுனியால் துடைத்தாள், துடைத்து முடிக்கிற வரைக்கும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அப்புறம், "இது ஏன்டி இங்க இருக்கு?" என்றாள். கோபமே இல்லை குரலில். ஏதாவது நல்ல காரணம் இருக்கும், அதைச் சொல்லிவிடு, நான் நம்பிக்கொள்கிறேன் என்கிற மாதிரி கேட்டாள். நான் சமையலறைப் பக்கம் கண்ணைக் காட்டி, தோளைக் குலுக்கி, குரலைத் தாழ்த்தி, "அம்மா..." என்றேன். அந்த ஒரு வார்த்தைதான். வாக்கியத்தைக்கூட முடிக்கவில்லை. முடித்திருந்தால் பொய் என்று தெரிந்திருக்கும், முடிக்காமல் விட்டதால் அவளே மிச்சத்தைப் போட்டுக்கொண்டாள்.

அவள் பர்ஸை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். நேராக வைத்தாள், கோணல் இல்லாமல். அந்த நேரத்துக்கு அம்மா கையில் தட்டோடு வந்துவிட்டாள். "வாம்மா, நீதான் ஜெசிந்தாவா? மங்கை வாயைத் திறந்தா உன் பேச்சுதான். உள்ள வந்து உட்காரு, அடை சூடா இருக்கு, வெல்லம் வேணுமா, அவியல் வேணுமா?" என்று மூச்சுவிடாமல் கேட்டாள். ஜெசிந்தா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். இந்த முகத்தோடா அந்தக் காரியம் செய்தாய் என்று பார்த்த பார்வை அது, அந்தப் பார்வை எனக்கு வந்திருக்க வேண்டியது, அம்மாவுக்குப் போயிற்று. "இல்லம்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று நோட்டை என் கையில் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். படியைத் தாண்டி உள்ளே காலே வைக்கவில்லை. அம்மா தட்டோடு அங்கேயே நின்றாள், "ஏன்டி அந்தப் பொண்ணு சாப்பிடாமலே போயிடுச்சு?" என்று கேட்டாள். தெரியலம்மா என்றேன். அன்றைக்கு அவள் வார்த்த அடையை நான் மூன்று சாப்பிட்டேன். அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும், பசித்தது, சாப்பிட்டேன்.

பரீட்சை முடிந்தது, அவரவர் போனோம், அவள் என்னிடம் முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூட இல்லை. மரியாதையாகப் பேசினாள், அது அதைவிட மோசம். கல்யாணப் பத்திரிகை அனுப்பினேன், வரவில்லை. பர்ஸ் ஒரு மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்து, வீடு மாற்றும்போது பழைய செருப்புகளோடு போய்விட்டது. நான் ஒருநாளும் அதில் எதையும் வைத்ததில்லை. அம்மா அந்த பர்ஸை உள்ளே விட்டிருப்பாளா என்று நான் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். விட்டிருக்கவும் மாட்டாள் என்று சில நாள் தோன்றும், அம்மா ஒன்றும் பெரிய புரட்சிக்காரி இல்லை, ஏகாதசி, அமாவாசை, மடி எல்லாம் பார்க்கிறவள். விட்டிருப்பாள் என்று சில நாள் தோன்றும், அடைத் தட்டோடு நின்ற அந்த முகம் ஞாபகத்துக்கு வந்தால். எனக்குத் தெரியாது. இனி தெரியவும் தெரியாது. நான் அவளிடம் கேட்கவே இல்லை, அவளுக்கு அந்தச் சந்தர்ப்பத்தையே கொடுக்காமல் தீர்ப்பை மட்டும் அவள் பெயரில் எழுதிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்தில் தீண்டாமையைப் பற்றி அச்சடித்திருக்கும் வரிகளைப் பிள்ளைகளை எழுப்பி நிற்க வைத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறேன், வருஷா வருஷம், வாய் கூசாமல். அம்மா போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது.

நாற்பத்திரண்டு. இப்போது ஒரு ஓரம் முடிந்து வளைவு வருகிறது, வளைவில் துளைகள் நெருக்கம். இரண்டு வாரத்துக்கு முன்னால் இதே மேஜையில்தான் போன் வந்தது. "ஹலோ, மங்கையர்க்கரசியா?" முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட இப்போது யாரும் இல்லை, பேங்க் என்றுதான் நினைத்தேன். "ஏய், நான் ஜெசிடி." காலேஜ் வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ நம்பர் கொடுத்திருக்கிறார்கள். நான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஒரு மணி நேரம் பேசினோம். வேலூரில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தாளாம், ரிட்டயர் ஆகி இப்போது தாம்பரத்தில் பையன் வீட்டில் இருக்கிறாளாம், எங்கள் குரோம்பேட்டைக்கு இரண்டே ஸ்டேஷன். அப்புறம் கேட்டாள், "உங்கம்மா இருக்காங்களா?" இல்லடி என்றேன். "அவங்க மேல எனக்கு ஒண்ணும் இல்லடி மங்கை. நிஜமா. அந்தக் காலத்து மனுஷங்க, வேற என்ன தெரியும் அவங்களுக்கு. நீ அதையே நினைச்சு நினைச்சு மனசைப் போட்டுக் குழப்பிக்காதே" என்றாள். அப்போது சொல்லியிருக்கவேண்டும். போனில் சொல்வது எவ்வளவு சுலபம், முகத்தைப் பார்க்க வேண்டாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா, "ம்" என்றேன். முதல் பொய்க்கு ஒரு வார்த்தையாவது செலவானது. இரண்டாவதுக்கு அதுகூட ஆகவில்லை. செத்துப்போன அம்மாவை இரண்டாம் தடவை காட்டிக்கொடுத்துவிட்டு, போனை வைத்துவிட்டு, சந்தோஷமாகக்கூட இருந்தேன். அதுதான் வெட்கம். ஜெசி கிடைத்துவிட்டாள், அன்றைக்கு முழுக்க வீட்டில் பாடிக்கொண்டே திரிந்தேன். தினமும் காலையில் ரோஜாப்பூ போட்டு குட் மார்னிங் அனுப்புகிறாள். அந்த மாதிரி ஃபார்வர்டு என்றாலே எரிந்து விழுகிறவள் நான், இப்போது ஆறரை மணிக்கு போனைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ரோஜாப்பூவுக்காகக் காத்திருக்கிறேன்.

சொன்னால் அது நின்றுவிடும். எதற்குச் சொல்லவேண்டும் என்று ஒரு மனசு கேட்கிறது, அம்மாவுக்கு இனி என்ன, அவளுக்கு வலிக்கப் போகிறதா, ஜெசிந்தாவுக்குத்தான் பழசைக் கிளறிப் புதுசாக வலிக்கும், உன் பாரத்தை இறக்கிவைக்க அவள் மடிதானா கிடைத்தது. நல்ல கேள்வி. கேட்பவள் யார் என்று பார்த்தால் அன்றைக்குத் தோளைக் குலுக்கினவளேதான். எப்போதும் எனக்கு நல்ல காரணம் சொல்ல அவள் தயாராக இருப்பாள். அப்புறம் இந்த கிளட்ச். இதை எதற்குத் தைக்கிறேன் என்று இப்போது கேட்டுப் பார்க்கிறேன், போன் வந்த மறுநாள் ஆரம்பித்தது. உள்ளே நுழைந்ததும் இதைக் கொடுப்பேன், அவள், "அட, நீயா தைச்சே!" என்பாள், திருப்பிப் பார்ப்பாள், அவளுக்குத் தொழில் தெரியும், பதினேழாவது தையலில் கோணியதைக் கண்டுபிடித்துச் சிரிப்பாள், நானும் சிரிப்பேன், அந்தச் சிரிப்பிலேயே எல்லாம் மூழ்கிப் போகும். பார்த்தாயா, நானும் தோலைத் தொடுகிறேன், என் சாப்பாட்டு மேஜையிலேயே வைத்துத் தைக்கிறேன் என்று காட்டுவதற்குத்தானே. அதைப் பார்த்து அவள் எனக்கு என்ன தரவேண்டும், நன்னடத்தைச் சான்றிதழா? கையெழுத்துப் போட்டு, சீல் வைத்து? பரிசு வாங்கினவள் திட்டமாட்டாள், அந்தத் தைரியம்தான். லஞ்சத்துக்கு இவ்வளவு அழகான பட்டன் வேறு. வேண்டாம். இதைக் கொடுக்கக்கூடாது. இன்றைக்குக் கொடுக்கக்கூடாது. மூன்று வார்த்தையை வெறும் கையோடுதான் சொல்லவேண்டும், அவள் எழுந்து போனால் போகட்டும், ரோஜாப்பூ நின்றால் நிற்கட்டும். போகட்டும் என்று எவ்வளவு சுலபமாக நினைத்துவிட்டேன், போகக்கூடாது, ஐயோ அவள் போகக்கூடாது. ஐம்பத்து மூன்று. ஐம்பத்து நாலு. எதற்குத் தைக்கிறேன் என்று தெரியாமலேயே கை பாட்டுக்குப் போகிறது, வலது, இடது, இழு. மணி நாலு ஐந்து. இன்னும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது, முகம் கழுவி, புடவை மாற்றி, கேசரிக்கு ரவை வறுத்து, அதற்குள் தைரியமும் வந்துவிடும்.

பெல் அடித்தது. ஊசியைத் தோலிலேயே குத்தி வைத்துவிட்டு எழுந்தேன், தபால்காரராக இருக்கும் என்று நினைத்தேன், ஞாயிற்றுக்கிழமை தபால் ஏது. கதவைத் திறந்தால் ஜெசிந்தா. தலை முழுக்க நரைத்து, நீலக்கரை போட்ட காட்டன் புடவையில், கையில் ஒரு சாத்துக்குடிப் பையோடு. "ட்ரெயின் உடனே கிடைச்சிடுச்சுடி, சீக்கிரம் வந்துட்டேன், பரவாயில்லையா?" என்றாள். அதே குரல், கொஞ்சம் கரகரப்பு. நான் அவளைக் கட்டிக்கொண்டேன். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. வீட்டுக்காரர் சட்டையைப் போட்டுக்கொண்டே எழுந்து வந்து, "வாங்க வாங்க, உங்களைப் பத்திதான் ரெண்டு வாரமா பேச்சு. உட்காருங்க, காபி நான் போடறேன், என் காபியைக் குடிச்சுட்டு இவ காபியைத் தொடமாட்டீங்க" என்று உள்ளே போனார். ஜெசிந்தா சோபாவில் உட்கார்ந்து கொசுவத்தைச் சரிசெய்தாள். நான் எதிரில் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சாத்துக்குடி, ட்ரெயின், பேரப்பிள்ளை என்று போய்விடும்.

"அம்மா இல்லடி, நான்தான்" என்றேன்.

"எது?"

"பர்ஸை அங்க வெச்சது. அம்மாவுக்கு ஒண்ணுமே தெரியாது. காலேஜ்லேருந்து வந்த அன்னிக்கே நானே கொண்டுபோய்ச் செருப்பு ஸ்டாண்டுல வெச்சேன். யாரும் சொல்லல. நீ கேட்டப்போ அம்மா மேல போட்டுட்டேன். போன்ல நீ அம்மாவைப் பத்திச் சொன்னப்பவும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

கொசுவத்தில் இருந்த அவள் கை நின்றது. என்னை ஒருதரம் பார்த்தாள், அப்புறம் தலையை ஆட்டினாள், இல்லை என்கிற மாதிரி. "சும்மா சொல்லாதே. இப்ப எதுக்கு நீ பழியை ஏத்துக்கறே? உங்கம்மாவே சொன்னாங்களே."

"அம்மாவா? உன்கிட்டயா? எப்போ?"

"தொண்ணூத்தாறுல அவங்களுக்கு வயித்துல ஆபரேஷன் ஆச்சே, எங்க ஆஸ்பத்திரியிலதான். உனக்குத் தெரியாதா நான் அங்க இருந்தது? ரத்தம் எடுக்க நான்தான் போனேன். என் பேர் எழுதின பேட்ஜைப் பார்த்துட்டு, மங்கையோட படிச்ச பொண்ணான்னு கேட்டாங்க. ஆமான்னேன். கையைப் பிடிச்சுக்கிட்டாங்க, விடவே இல்ல. 'அந்தப் பர்ஸை நான்தாம்மா எடுத்து வெளிய வெச்சேன், என் தப்பு, எம்பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, அவ மேல கோபப்படாதே, அவகிட்ட பேசும்மா'ன்னு அழுதாங்க. வார்டே திரும்பிப் பார்த்துச்சு."

எங்கள் வேலூர் வீட்டில் சமையலறைக்கும் வாசலுக்கும் பத்து அடிகூட இருக்காது. நான் அம்மா என்று குரலைத் தாழ்த்திச் சொன்னது அவள் காதில் விழுந்திருக்கிறது. விழுந்த பிறகுதான் தட்டை எடுத்துக்கொண்டு வந்து வெல்லம் வேணுமா என்று கேட்டிருக்கிறாள். ஆபரேஷன் முடிந்து ஒவ்வொரு சனி ஞாயிறும் நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அதற்கப்புறம் எத்தனையோ வருஷம், கடைசி மாதம் முழுக்க என் வீட்டில் என் கட்டிலில் படுத்திருந்தாள். ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"நிஜமா நீயா?" என்றாள் ஜெசிந்தா.

"நிஜமா நான்."

அவள் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணாடி இல்லாத அந்த முகத்தில் பழைய லேப் மேஜைப் பெண் தெரிந்தாள், எனக்குப் பார்க்கப் பயமாக இருந்தது. "அவங்க அவ்வளவு அழுதும் எனக்கு உன்கிட்ட பேசணும்னு தோணவே இல்லடி" என்றாள். "நாமதான் இவ்வளவு கல் மனசாயிட்டோமோன்னு மாதா கோயில்ல போய் அழுதிருக்கேன்." மடியில் இருந்த கண்ணாடியை மடக்கிக்கொண்டே, யாரிடமோ பேசுவது போல், "உங்கம்மாவை மன்னிக்கறது சுலபமா இருந்துச்சு. கேட்டாங்க, குடுத்துட்டேன். உன்னை எப்படின்னுதான் தெரியல" என்றாள்.

சமையலறையிலிருந்து வீட்டுக்காரர், சர்க்கரை எவ்வளவு போட என்று கேட்டார்.